யோகா வகுப்பில் நாற்காலிக்கும் இடம் வேண்டும்

"உங்களுக்கு இது வராதும்மா. நீங்க ஓரமா உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி மட்டும் பண்ணுங்க." நம் ஊர் யோகா வகுப்புகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. கேட்டுக்கொள்ளும் அம்மாவுக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். முட்டி தேய்ந்துபோய், தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க யாராவது கை கொடுக்க வேண்டிய நிலை. கூடவே சுகர், பிரஷர். "மாத்திரையோட யோகாவும் பண்ணிப் பாருங்க" என்று டாக்டர் சொன்னதால் விசாரித்துத் தேடி வந்திருப்பார். இரண்டு நாள் ஓரமாக உட்காருவார். மூன்றாம் நாள் வரமாட்டார். வராததை யாரும் கவனிப்பதுமில்லை.

இப்படி வாசலோடு திரும்பியவர்கள் நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறார்கள். உடம்பு பருத்தவர், முதுகில் அறுவைசிகிச்சை செய்துகொண்டவர், போலியோவில் ஒரு கால் சூம்பியவர், பார்வையற்றவர், பிள்ளை பெற்றுச் சில மாதங்களே ஆனவர், 'ஓம்' சொல்லத் தயங்கியவர், மாதக் கட்டணத்தைக் கேட்டதும் பின்வாங்கியவர். யோகா எவருக்கு அதிகம் உதவுமோ அவர்களே வெளியே நிற்கிறார்கள். இதற்குக் காரணம் யோகா அல்ல. நாம் அதைச் சொல்லிக்கொடுக்கும் விதம். அந்த விதத்தை மாற்றும் வழியை நாம் வெளியூரில் தேட வேண்டியதில்லை. சென்னையில் வாழ்ந்த ஓர் ஆசிரியர் அதைப் பல பத்தாண்டுகள் செய்துகாட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

படத்தில் இருப்பதும் நூலில் இருப்பதும்

ஜூன் 21-ஐப் பன்னாட்டு யோகா தினமாக அறிவிக்கும் தீர்மானம் 2014 டிசம்பர் 11 அன்று ஐ.நா. பொதுச்சபையில் நிறைவேறியபோது 177 நாடுகள் அதை இணைந்து முன்மொழிந்தன. அடுத்த ஆண்டு டெல்லி ராஜபாதையில் 35,985 பேர் ஒரே நேரத்தில் ஆசனம் செய்து கின்னஸ் பதிவில் இடம்பெற்றார்கள். 2016-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் யோகாவைச் சேர்த்தது. இவையெல்லாம் பெருமைக்குரியவைதான். ஆனால், ஒவ்வொரு ஜூன் 22 காலையிலும் நாளிதழ்களில் வரும் படங்களைப் பாருங்கள். ஒரே நிற பனியன், ஒரே மாதிரி விரிப்பு, ஒரே கோணத்தில் உயர்ந்த கைகள். முன்வரிசையில் மெலிந்த, இளமையான உடல்கள். ஒரு சக்கர நாற்காலியோ ஊன்றுகோலோ அதில் கண்ணில் படுவது அபூர்வம். இந்தப் படங்களைப் பார்த்து வளரும் ஒருவர், யோகா என்றால் இப்படிப்பட்ட உடம்புக்கானது என்று முடிவுகட்டினால் அவரைக் குறைசொல்ல முடியாது.

நூல்களைத் திறந்தால் வேறு உலகம் தெரிகிறது. பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் இருநூறுக்குச் சற்றுக் குறைவான சூத்திரங்கள் உள்ளன. ஆசனத்தைப் பற்றிப் பேசுபவை அவற்றில் மூன்றே மூன்று. அசையாமலும் சிரமப்படாமலும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதான் அங்கே சொல்லப்படும் நிபந்தனை. நம் திருமூலர் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தைப் பாடும்போது ஆசனத்தைச் சில பாடல்களில் முடித்துக்கொண்டு, பிராணாயாமத்தில்தான் அதிக நேரம் நிற்கிறார். 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹட யோகப் பிரதீபிகை விவரிக்கும் ஆசனங்கள் 15. இளைஞர், முதியவர், தள்ளாத வயதினர், நோயாளி, பலமில்லாதவர் என்று பெயர் சொல்லி வரிசைப்படுத்தி, பயிற்சி செய்தால் இவர்கள் எல்லாருக்கும் கைகூடும் என்கிறது அந்த நூல்.

அதற்கும் முந்தையது, 13-ஆம் நூற்றாண்டு என்று ஆய்வாளர்கள் கணிக்கும் தத்தாத்ரேய யோக சாஸ்திரம். அது இன்னும் ஒரு படி மேலே போகிறது. பிராமணர், துறவி, பௌத்தர், சமணர், காபாலிகர், கடவுளையே ஏற்காத சார்வாகர் என யாராக இருந்தாலும் ஊக்கத்தோடு பயில்கிறவருக்குப் பலன் உண்டு என்று அது சொல்கிறது. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஒரு யோக நூல் நாத்திகரையும் உள்ளே அழைத்திருக்கிறது. எல்லாருக்குமான யோகா என்பது இன்று மேலைநாட்டார் கண்டுபிடித்த புதுமை என்று நினைப்பவர்கள் இந்த இரு நூல்களையும் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.

மைசூரும் சென்னையும்

அப்படியானால் வில்லாக வளையும் உடல் எப்போது யோகாவின் முகமானது? ஒரு முக்கியமான திருப்பம் 1930-களின் மைசூரில் நடந்தது. மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தினார். மாணவர்கள் பெரும்பாலும் சிறுவர்கள், வாலிபர்கள். துள்ளும் வயதுக்குத் துள்ளும் பயிற்சியைக் கொடுத்தார். யோகாவை மக்களிடம் கொண்டுசேர்க்க ஊர் ஊராகச் செய்முறைக் காட்சிகளும் நடந்தன. பார்ப்பவர் வியக்க வேண்டுமென்றால் கடினமான ஆசனங்கள்தான் மேடையேற வேண்டும். பிற்காலத்தில் உலகெங்கும் பரவிய வேகமான யோகா முறைகளில் பல, அந்தச் சிறுவர்களுக்கான பயிற்சியிலிருந்து கிளைத்தவை. பதினைந்து வயதுப் பையனுக்கு அமைத்த பாடத்தை ஐம்பத்தைந்து வயது அலுவலருக்கும் அப்படியே நடத்துவது எந்தக் கல்வி முறையிலும் செல்லாது. யோகாவில் மட்டும் அது சென்றுகொண்டிருக்கிறது.

கிருஷ்ணமாச்சாரியார் அங்கேயே நின்றுவிடவில்லை. 1950-களின் தொடக்கத்தில், பக்கவாதம் வந்த ஒரு வழக்கறிஞருக்கு உதவுவதற்காக அழைக்கப்பட்டுச் சென்னைக்கு வந்தவர், 1989-ல் நூறு வயது நிறைந்து மறையும்வரை இங்கேதான் இருந்தார். சென்னையில் அவரிடம் வந்தவர்கள் அரண்மனைச் சிறுவர்கள் அல்ல. ஆஸ்துமாக்காரர்கள், தூக்கம் வராதவர்கள், முதுகுவலிக்காரர்கள், கருவுற்ற பெண்கள், வயதானவர்கள். அவர் ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து நாடி பார்த்தார், மூச்சைக் கவனித்தார், வேலையைப் பற்றிக் கேட்டார், அதன் பிறகே பயிற்சியைச் சொன்னார். ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவருக்குச் சொல்லவில்லை. தொண்ணூறு வயதைத் தாண்டி இடுப்பெலும்பு முறிந்தபோது, படுக்கையிலேயே செய்யக்கூடிய பயிற்சியைத் தனக்குத்தானே அமைத்துக்கொண்டார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

அவருடைய மகன் தேசிகாச்சார் பொறியியல் படித்தவர். வேலைக்குப் போகவிருந்த வயதில் தந்தையிடம் சீடராக அமர்ந்து, 1976-ல் சென்னையில் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தை நிறுவினார். ஆசனத்தை மனிதருக்கு ஏற்ப மாற்ற வேண்டும், மனிதரை ஆசனத்துக்காக முறுக்கக் கூடாது என்பதுதான் அந்தப் பள்ளியின் உயிர்நாடி. இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தனிநபருக்கேற்ற யோகா என்று பேசுகிறவர்களில் பலர் இங்கே படித்தவர்கள், அல்லது இங்கே படித்தவர்களிடம் படித்தவர்கள். சென்னை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த ஒன்று, சென்னையின் தெருமுனை வகுப்புகளுக்குப் போய்ச் சேரவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

பெண்களுக்குக் கிருஷ்ணமாச்சாரியார் கதவு திறந்த வரலாறும் நினைவில் வைக்கத்தக்கது. 1930-களின் பிற்பகுதியில் இந்திரா தேவி என்று பின்னாளில் அறியப்பட்ட ஐரோப்பியப் பெண் மைசூர் வந்து கற்க விரும்பியபோது முதலில் மறுத்தார். மகாராஜா சொன்ன பிறகே ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டபின் அவரையே யோகா கற்பிக்கும்படி அனுப்பிவைத்தார். மரபில் ஊறிய ஒருவர் தன் கருத்தை மாற்றிக்கொள்ள முடிந்தது. நம் காலத்து ஆசிரியர்களுக்கும் அது முடியும்.

அவருடைய இன்னொரு சீடர் பி.கே.எஸ். அய்யங்கார் வேறொரு வழியில் அதே இடத்துக்கு வந்தார். 1918-ல் இன்ஃபுளுயன்சா கொள்ளைநோய்க் காலத்தில் பிறந்து, மலேரியா, டைஃபாய்டு, காசநோய் என்று இளமையில் நோயோடு வளர்ந்தவர் அவர். 1966-ல் வெளிவந்த அவருடைய 'லைட் ஆன் யோகா'வின் ஏறத்தாழ 600 படங்களைப் பார்த்துத் தங்களை அளந்துபார்த்து மனம் சோர்ந்தவர்கள் ஏராளம். அதே அய்யங்கார்தான் நாற்காலி, சுவர்க் கயிறு, பெல்ட், மரக்கட்டை, மடித்த போர்வை ஆகியவற்றை வகுப்புக்குள் கொண்டுவந்தவர். எண்பது வயதைக் கடந்த பெல்ஜியம் ராணி எலிசபெத்துக்கும் அவர் கற்றுக்கொடுத்தார். உபகரணங்களைப் பலவீனர்களுக்கான சலுகையாக அவர் கருதவில்லை. தன் முதுமையில் அவரே அவற்றைப் பயன்படுத்தினார்.

முட்டியை அமுக்கும் கை

பத்மாசனத்தை எடுத்துக்கொள்வோம். வகுப்பில் ஒருவருடைய முட்டி தரையைத் தொடாமல் மேலே நிற்கிறது. ஆசிரியர் வந்து, "இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே முட்டியைக் கீழே அமுக்குகிறார். இந்தக் காட்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பதறியிருக்கிறேன். பத்மாசனத்தில் திரும்ப வேண்டியது முட்டி அல்ல, இடுப்பு. தொடையெலும்பின் பந்து, இடுப்பெலும்பின் குழிக்குள் வெளிப்பக்கமாகச் சுழல வேண்டும். அந்தக் குழியின் ஆழமும் திசையும், தொடையெலும்பின் கழுத்துக் கோணமும் ஆளுக்கு ஆள் வேறுபடும். சிலருக்குப் பிறவியிலேயே இடம் அதிகம். சிலருக்கு ஒரு எல்லைக்கு மேல் எலும்போடு எலும்பு முட்டும். எத்தனை ஆண்டு பயின்றாலும் எலும்பு வழிவிடாது. இடுப்பு நின்ற இடத்தில் கீழே அமுக்கினால் அந்தத் திருகலை வாங்கிக்கொள்வது முட்டி. கீல் போல மடங்கி நிமிரவே அமைந்த மூட்டு அது. உள்பக்கத்துச் சவ்வு நசுங்கும். "ப்ராக்டிஸ் பண்ணினா வந்துடும்" என்ற ஊக்கமொழி சிலருக்கு ஊனத்தில் போய் முடிகிறது.

பருத்த உடலின் பிரச்சினையை நம் வகுப்புகள் இன்னும் மோசமாகக் கையாளுகின்றன. உட்கார்ந்து முன்னால் குனியும்போது வயிறு தொடையில் முட்டினால் மூச்சு திணறும். கால்களைச் சற்று அகற்றி வைத்தால் போதும், வயிற்றுக்கு இடம் கிடைத்துவிடும். ஒரு வாக்கியத்தில் தீர்கிற விஷயம். அதைச் சொல்லாமல், "தொப்பையைக் குறைச்சாத்தான் வரும்" என்று பத்துப் பேர் முன்னால் சொல்கிறார்கள். சர்வாங்காசனத்தில் மார்பும் வயிறும் தொண்டைப் பக்கம் சரிந்து மூச்சடைக்கும் பெண்கள் உண்டு. அவர்களுக்குச் சுவர் ஓரமாகப் படுத்து, இடுப்புக்குக் கீழே மடித்த போர்வை வைத்து, கால்களைச் சுவரில் சாய்த்துக்கொள்ளும் மாற்று இருக்கிறது. அதைச் சொல்லித்தர யாருக்கும் பட்டயம் தேவையில்லை, அக்கறை போதும். அமெரிக்காவில் ஜெசமின் ஸ்டான்லி என்ற கறுப்பினப் பெண், தன் பருத்த உடலோடு ஆசனம் செய்யும் படங்களை வெளியிட்டு, 2017-ல் புத்தகமும் எழுதினார். தங்களைப் போன்ற ஓர் உடலை முதன்முறையாகப் பார்த்ததால் பாயை விரித்த பெண்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். நம் ஊரிலோ யோகா விளம்பரம் என்றாலே எடை குறைவதற்கு முன், குறைந்த பின் என்று இரண்டு படங்கள்தான்.

எல்லாருக்கும் திறந்துவிடுவது என்றால் எல்லாருக்கும் எல்லாவற்றையும் கொடுப்பது என்று பொருள் கொள்ளக் கூடாது. சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், சிரசாசனத்தின்போது கண்ணின் உள் அழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காக உயர்வதைக் கண்டார்கள். கண்நீர் அழுத்த நோய் உள்ளவருக்கு இது பார்வையைப் பறிக்கக்கூடிய விஷயம். எலும்பு அடர்த்தி குறைந்த பெண்கள் முதுகைக் கூனி முன்னால் குனியும் ஆசனங்களை வேகமாகச் செய்தால் முள்ளெலும்பு நொறுங்கும் அபாயம் உண்டு. இவற்றைத் தெரிந்துகொண்டு, "இது உங்களுக்கு வேண்டாம், அதற்குப் பதில் இது" என்று சொல்வதுதான் வரவேற்பு. மறுபக்கம், நாள்பட்ட இடுப்புவலிக்கு மருந்தைத் தொடும் முன் முயலத்தக்க வழிகளில் ஒன்றாக யோகாவை அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017-ல் பரிந்துரைத்தது. உரியபடி கற்பித்தால் பலனுண்டு என்பதில் மருத்துவத்துக்கும் மாறுபாடில்லை.

நாற்காலியும் துண்டும் சுவரும்

நாற்காலி யோகாவை வெளிநாட்டுச் சரக்கு என்று சிலர் ஒதுக்குகிறார்கள். நம் பள்ளிவாசல்களில் முட்டி மடக்க முடியாத பெரியவர்களுக்கு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள். அவர்கள் அதில் அமர்ந்தே தொழுகிறார்கள். அந்தத் தொழுகை குறைந்தது என்று யாரும் சொல்வதில்லை. யோகா வகுப்புக்கு மட்டும் ஏன் இந்தக் கூச்சம்?

செய்முறை எளிது. கைப்பிடி இல்லாத நாற்காலி நல்லது. பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் வழுக்கும், அதனால் சுவரோடு ஒட்டிப் போட வேண்டும், காலடியில் விரிப்பு இருக்க வேண்டும். நாற்காலியின் முன்விளிம்புக்கு நகர்ந்து, பாதம் முழுவதும் தரையில் படும்படி உட்கார வேண்டும். குள்ளமானவருக்குப் பாதம் எட்டாவிட்டால் கீழே ஒரு பலகை. மூச்சை இழுத்துக்கொண்டே கைகளை மேலே தூக்கி, விட்டுக்கொண்டே கைகளைத் தொடை, முழங்கால், கணுக்கால் என்று வழுக்கவிட்டுக் குனியலாம். முழங்கால் வரைதான் போகிறதென்றால் அங்கேயே நிற்கலாம். ஒரு காலை இரு கைகளாலும் பிடித்து மார்புப் பக்கம் இழுத்து, விட்டு, மறு காலுக்கு மாறலாம். சூரிய நமஸ்காரத்தின் பெரும்பகுதி இப்படி நாற்காலியிலேயே முடிந்துவிடும். நின்று செய்ய முடிகிறவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு விருட்சாசனம் பழகலாம். கீழே விழும் பயம் போய்விட்டால் மூச்சு தானாக நிதானமாகும். பாதத்தை எட்டாத கைக்குக் கடையில் பெல்ட் வாங்க வேண்டியதில்லை, தோளில் கிடக்கும் துண்டு போதும்.

மேத்யூ சான்ஃபோர்டு என்ற அமெரிக்கர் 1978-ல் தன் 13-ஆம் வயதில் கார் விபத்தில் மார்புக்குக் கீழே உணர்விழந்தார். இன்று அவர் அறியப்பட்ட யோகா ஆசிரியர். சக்கர நாற்காலியிலிருந்து கற்பிக்கிறார். அவர் கற்றதும் அய்யங்கார் மரபிலேயே.

உடற்குறை உள்ளவர்களுக்குக் கற்பிப்பதில் தடையாக நிற்பது பல நேரம் சின்னச் சின்ன விஷயங்கள். "இப்படிச் செய்யுங்க" என்று ஆசிரியர் செய்துகாட்டினால் பார்வையற்றவருக்கு அது ஒன்றுமே சொல்லாது. "வலது கையைக் காதோடு ஒட்டி மேலே தூக்குங்க" என்றால் எல்லாருக்கும் புரியும், பார்வை உள்ளவருக்கும் கூடுதலாகப் புரியும். காது கேளாதவர் சவாசனத்தில் கண்ணை மூடிய பின் ஆசிரியரின் குரல் அவருக்கு எட்டாது. விளக்கை ஒருமுறை அணைத்துப் போடுவது, முன்பே பேசி வைத்துக்கொண்டு பாதத்தில் லேசாகத் தட்டுவது என்று ஏற்பாடு வேண்டும்.

தொடுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். திருத்துகிறேன் என்ற பெயரில் ஆசிரியர் கைவைப்பதை நாம் கேள்வி கேட்காமல் ஏற்றுவந்திருக்கிறோம். உலக அளவில் பெயர்பெற்ற ஆசிரியர்கள் சிலர் மீதே பெண்கள் புகார் கொடுத்த பிறகு, பல நாடுகளில் விரிப்பின் ஓரத்தில் ஒப்புதல் அட்டை வைக்கும் வழக்கம் வந்திருக்கிறது. நமக்கு அட்டைகூட வேண்டாம். "தொட்டுச் சரிபண்ணட்டுமா?" என்று கேட்டு, வேண்டாம் என்றால் விலகிவிட வேண்டும். இந்த ஒரு கேள்வி இல்லாததால் வகுப்பை விட்ட பெண்கள் அதை வீட்டில்கூடச் சொல்வதில்லை.

வாசலில் நிற்கும் மற்றவர்கள்

உடல் மட்டும் தடையில்லை. 2015-ல் முதல் யோகா தினத்தின்போது முஸ்லிம் அமைப்புகள் சில எதிர்ப்புத் தெரிவிக்க, சூரிய நமஸ்காரம் அரசு நிகழ்ச்சியில் சேர்க்கப்படவில்லை; 'ஓம்' சொல்வது கட்டாயமில்லை என்றும் விளக்கப்பட்டது. மலேசியாவில் 2008-ல் யோகாவுக்கு எதிராக ஃபத்வா வந்தது. அமெரிக்காவின் அலபாமா மாநிலம் 1993-ல் அரசுப் பள்ளிகளில் யோகாவைத் தடைசெய்து, 2021-ல் தடையை நீக்கியபோதும் 'நமஸ்தே' சொல்லக் கூடாது, சமஸ்கிருதப் பெயர்கள் கூடாது என்று நிபந்தனை போட்டது.

வரலாறு இவ்வளவு இறுக்கமாக இல்லை. ஆசனங்களை முறையாக ஓவியத்தில் காட்டும் மிகப் பழைய நூல்களில் ஒன்று, குவாலியரைச் சேர்ந்த சூஃபி ஞானி முகமது கௌஸ் 16-ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தில் எழுதிய 'பஹ்ர் அல் ஹயாத்'. பின்னாளில் ஜஹாங்கீர் என்று அரியணை ஏறிய இளவரசர் சலீமுக்காக 1600-ஐ ஒட்டி அதன் ஓவியப் பிரதி தயாரானது. இப்போது டப்ளின் நகரின் செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருக்கிறது. நம் குணங்குடி மஸ்தான் சாகிபு இஸ்லாமிய ஞானத்தைச் சித்தர்களின் யோகச் சொற்களில் பாடினார். குளித்தலை அருகே சாந்திவனத்தில் கத்தோலிக்கத் துறவிகள் 1950 முதல் இந்தியத் துறவு மரபில் தியானம் செய்துவந்திருக்கிறார்கள். இந்த மண்ணில் யோகா எந்த ஒரு மதத்தாரின் தனி உடைமையாகவும் இருந்ததில்லை.

ஆகவே ஆசிரியர் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: மந்திரம் விரும்பினால் சொல்லலாம், உங்கள் பிரார்த்தனையைச் சொல்லலாம், எதுவும் சொல்லாமலும் இருக்கலாம். அதே நேரத்தில், யோகாவின் வேரை மறைக்கவோ ஆசனங்களின் பெயரை மாற்றவோ வேண்டியதில்லை. அலபாமா செய்தது இன்னொரு வகை ஒதுக்கல்தான்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். இது நம் ஊரில் சாதியோடு பின்னிக் கிடக்கிறது. "யோகா பண்ணணும்னா முதல்ல கறி, மீனை நிறுத்துங்க" என்று சொல்லும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். கேட்பவர் மீனவக் குப்பத்துப் பெண்ணாக இருந்தால் அன்றோடு அவர் யோகா முடிந்தது. பழைய நூல்கள் இறைச்சியை விலக்கச் சொல்வது உண்மை. ஆனால் ஹட யோகப் பிரதீபிகையின் அதே பட்டியலில் தயிர், மோர், கொள்ளு, பெருங்காயம், பூண்டு ஆகியவையும் இருக்கின்றன. முழுநேரச் சாதகருக்கான உணவு நெறி அது. அதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு, மற்றதைத் தினமும் சாப்பிட்டுக்கொண்டு, இன்னொருவர் தட்டைக் குறைசொல்வது நியாயமில்லை. முதுகுவலிக்குப் பயிற்சி கேட்டு வந்தவரிடம் அவர் வீட்டுச் சமையலைப் பற்றி விசாரிக்க ஆசிரியருக்கு என்ன வேலை?

நேரமும் ஒரு சுவர். யோகா என்றால் காலை ஆறு மணி என்று ஆகிவிட்டது. அந்த நேரத்தில் தூய்மைப் பணியாளர் தெருவில் இருப்பார். வீட்டுப் பெண்கள் அடுப்படியில் இருப்பார்கள். இரவுப் பணி முடிந்த செவிலியர் பேருந்தில் இருப்பார். அவர்களுடைய கழுத்துக்கும் இடுப்புக்கும் முட்டிக்கும்தான் யோகா அதிகம் தேவை. மதியம் இரண்டு மணிக்கு மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்தோடு சேர்த்து அரைமணி நேரம், மாநகராட்சிப் பணியாளர் ஓய்வறையில் வேலை முடிந்த பின் இருபது நிமிடம் என்று வகுப்பு அவர்களிடம் போக வேண்டும். உடையும் தடையாகக் கூடாது. ஆண்கள் தனி, பெண்கள் தனி என்று பிரிக்கும் இடங்களில் திருநங்கை, திருநம்பியரிடம் அவர்கள் எங்கே அமர விரும்புகிறார்கள் என்று கேட்டு அதன்படி செய்ய வேண்டும்.

இது நடக்கக்கூடியது என்பதற்கு நம்மிடமே சான்று இருக்கிறது. கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911-ல் பிறந்த வேதாத்திரி மகரிஷி, கைப்பயிற்சி, கால்பயிற்சி, கண்பயிற்சி, மகராசனம், உடல் தளர்த்தல் என்று எளியமுறை உடற்பயிற்சியை வகுத்தார். சிரசாசனம் இல்லை, வில்லாக வளைய வேண்டியதில்லை. எல்லாம் தமிழில். மனவளக்கலை மன்றங்கள் சிற்றூர்களின் மாடி அறைகளிலும் வாடகைக் கூடங்களிலும் இயங்குகின்றன. மளிகைக் கடைக்காரரும் ஓய்வுபெற்ற ஆசிரியையும் அங்கே ஒன்றாக அமர்கிறார்கள். யோகாவைப் பற்றி எழுதும் ஆங்கில ஏடுகள் இந்த இயக்கத்தைப் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் எண்ணம்.

கோவையில் வாழ்ந்த நானம்மாள் பாட்டி சேலை கட்டிக்கொண்டே ஆசனம் செய்தார், தொண்ணூறுகளிலும் கற்றுக்கொடுத்தார். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. 2019-ல் 99 வயதில் மறைந்தார். அதே 2018 பத்மஸ்ரீ பட்டியலில் இன்னொரு யோகா ஆசிரியையும் இருந்தார்: சவூதி அரேபியாவின் நூஃப் மர்வாய், லூபஸ் நோயோடு போராடிக்கொண்டே தன் நாட்டில் யோகாவுக்கு அனுமதி கிடைக்க உழைத்தவர். கோவைப் பாட்டியும் ஜித்தாவின் முஸ்லிம் பெண்ணும் ஒரே பட்டியலில் இடம்பெற்ற அந்த ஆண்டை நம் யோகா நிறுவனங்கள் இன்னும் பெரிதாகப் பேசியிருக்க வேண்டும்.

அரசு செய்யக்கூடியவை சில உண்டு. ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் யோகா சான்றிதழ் வாரியத்தின் தேர்வுகளில், ஆசனத்தைச் செய்துகாட்டும் திறனுக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணுக்கு இணையாக, ஒரே ஆசனத்தை மூன்று வெவ்வேறு உடல்களுக்கு மாற்றித்தரும் திறனுக்கும் மதிப்பெண் வேண்டும். தமிழ்நாட்டில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரியில் ஐந்தரை ஆண்டுகள் படித்துவிட்டு வரும் இளம் மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்களை வட்டார அளவில் பயன்படுத்தி, ஊர்களில் ஏற்கெனவே வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே இயன்முறை சிகிச்சை போகிறது. படுக்கையில் இருப்பவருக்கு மூச்சுப் பயிற்சியும் எளிய அசைவுகளும் அதோடு சேர்ந்து போவதில் பெரிய செலவில்லை. யோகாசனப் போட்டிகளை விளையாட்டாக 2020-ல் மத்திய அரசு அங்கீகரித்தது. பிள்ளைகள் அதில் பதக்கம் வாங்கட்டும், மகிழ்ச்சி. பள்ளியின் யோகா வகுப்பு அந்தப் போட்டிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் இடமாக மாறிவிடக் கூடாது. வளையாத பிள்ளை அங்கேயும் ஓரத்தில் நிற்க நேரும்.

வகுப்பில் சேரப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பணம் கட்டும் முன் ஆசிரியரிடம் உங்கள் முட்டியைப் பற்றி, கண்ணைப் பற்றி, பிரஷரைப் பற்றிச் சொல்லுங்கள். "எனக்கு என்ன மாற்றித் தருவீர்கள்?" என்று கேளுங்கள். நாற்காலி இருக்கிறதா, சுவர் ஓரத்தில் இடம் கிடைக்குமா, வலித்தால் நிறுத்திக்கொள்ளலாமா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் சேருங்கள். "எல்லாருக்கும் ஒண்ணுதான், போகப் போக சரியாயிடும்" என்று சொல்கிறவரிடம் உங்கள் உடம்பை ஒப்படைக்காதீர்கள்.